மாதிரியில் விழுந்த மனைவி

மனிதன் ஏன் வேலைக்குப் போகிறான் என்ற கேள்வியை இருபது வருடமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தவர் அவர். தத்துவம் படித்தவர் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அவர் கூலிக்குக் கேட்பவர். முனைவர் பட்டம் வாங்கத் துடிப்பவர்களுக்கும், ஊழியர்களின் ஊக்கம் எங்கே போயிற்று என்று திடீரென்று விழித்துக்கொள்ளும் கம்பெனிகளுக்கும் களத்தில் இறங்கித் தகவல் திரட்டிக் கொடுப்பது தொழில். தொழிற்சாலை வாசலில் தலையைக் கண்டதுமே, "கேள்விக்காரர் வந்துட்டாருப்பா" என்று ஆட்கள் கழிப்பறைப் பக்கம் நழுவுவார்கள். அங்கேயும் போய்க் கேட்டிருக்கிறார். கதவுக்கு வெளியே நின்று, மரியாதையாக.

அவருடைய உலகத்தில் உண்மை இரண்டு வகை. ஆள் வாயைத் திறந்து சொன்னால் முதல்நிலைத் தரவு. ஆளைப் பற்றிக் காகிதம் சொன்னால் இரண்டாம்நிலைத் தரவு. முதல்நிலையில் எல்லோரும் மலர்ந்த முகத்துடன் உழைப்பவர்கள். இரண்டாம்நிலையில், அதாவது விடுப்புப் பதிவேட்டில், அதே ஆட்களுக்குத் திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி. இரண்டும் முட்டிக்கொண்டால் ஆளிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அந்த விதியைப் படித்ததோடு சரி. இவர் திரும்பப் போவார்.

இப்படி ஊரான் மனதையெல்லாம் தோண்டித் துருவியவருக்கு, சொந்த மனைவியிடம் கேட்கப் பதினோரு வருடமாகத் தைரியம் வராத கேள்வி ஒன்று இருந்தது. நீ எப்போது வீட்டுக்கு வருவாய்?

மனைவி மின்மீட்டர் செய்யும் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவு மேற்பார்வையாளர். அந்தக் கம்பெனி ஆறு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இன்னொரு தொழிற்சாலை திறந்தபோது, பதவி உயர்வு கொடுத்து, "ரெண்டே வருஷம்" என்று அனுப்பி வைத்தார்கள். கம்பெனிக் காலண்டரில் வருடம் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது. அங்கே பெண்கள் விடுதியில் ஓர் அறை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், துணி துவைப்பாள், தூங்குவாள், ஞாயிறு மத்தியானப் பேருந்தில் போய்விடுவாள். மற்ற நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் போன் செய்வார். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை.

மிச்ச நேரத்தில் அந்த வீட்டில் இருந்தது அவள் இல்லாத இடம். கட்டிலில் அவள் பாதியில் போர்வையை மடித்த மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். தன் பாதியின் விளிம்பில், பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக ஒட்டிக்கொண்டவர் மாதிரி படுத்துக்கொண்டார். குளியலறையில் அவள் சோப்பு காய்ந்து வெடித்துப்போய்க் கிடந்தது. புதுசு வைக்கலாம்தான். இதில் அவள் விரல் பட்ட பள்ளம் இருந்தது.

"டிரான்ஸ்பர் என்னாச்சு?" என்று மட்டும் அவ்வப்போது சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்ப்பார்.

"பாக்கலாம்" என்பாள்.

ஆக, குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முகம் பார்த்திராத பொது மேலாளர். பதினோரு வருடமாகப் பல் துலக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நுரை பொங்கத் திட்டிவந்தார். குடும்பஸ்தனா அவன்? அவனுக்குப் பெண்டாட்டி உண்டா? இருந்தால் அவளையும் ஆறு மணி நேரத் தூரத்துக்கு மாற்ற வேண்டும்.

இந்த நிலையில்தான், கல்லூரி ஆசிரியையான ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் அவரைப் பிடித்தாள். தலைப்பு, 'மின்சாதனத் தொழிற்சாலைகளில் பணியாளர் ஊக்கம்: ஒரு பார்வை'. (இந்தத் துறையில் எல்லாமே ஒரு பார்வைதான். இரண்டாவது தடவை யாரும் பார்ப்பதில்லை.) நாற்பத்திரண்டு கேள்விகள். போக வேண்டிய இடம், சாட்சாத் மனைவியின் தொழிற்சாலை. இரண்டு நாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டதில் காலர் கத்தி மாதிரி நின்றது.

வருகைப் பட்டியலில் ஒவ்வோர் ஏழாவது பெயரும் மாதிரியில் விழும். போய்ச் சேர்ந்த அன்று காலை, பணியாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணினார். எழுபது, எழுபத்தேழு, எண்பத்து நாலு. விரல் நின்றது. இன்னொரு தடவை எண்ணினார். கணிதம் பிடிவாதமாக இருந்தது. வராந்தாவுக்குப் போய் ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"அம்மா, மாதிரியில ஒரு சிக்கல். எண்பத்து நாலாவது ஆள் எனக்குத் தெரிஞ்சவங்க."

"எவ்வளவு தெரியும் சார்?"

"இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும். என் சம்சாரம்."

உறவினரிடம் தகவல் திரட்டக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டை எழுதியதே அவள்தான்.

"சார், வெள்ளிக்கிழமைக்குள்ள என் கைடு அட்டவணையெல்லாம் கேட்டிருக்காரு. ஒரு ஆளைத் தூக்கினா எல்லாம் கோணிடும். உங்க முகத்துக்காக அவங்க நல்லதா சொல்லிடுவாங்களா?"

"அந்தக் கவலையே வேண்டாம்மா. இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்லை."

"அப்ப எடுத்துடுங்க சார்."

முதல் நாள் கோப்புகள், மறுநாள் ஆட்கள் என்பது திட்டம். கோப்புகளுக்குக் காவல் ஒரு குமாஸ்தா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவர். வந்தவர் யாருடைய கணவர் என்று அவருக்குத் தெரியாது. எண்பத்து நாலாம் கோப்பைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

பிறந்த தேதி சரி. கல்யாணமானவர், சரி. எடுக்காமலே காலாவதியான விடுப்பு, ஏகப்பட்டது. அடுத்து, மஞ்சள் தாளில் ஒரு குறிப்பு. 'விண்ணப்பித்தால் சொந்த ஊர்த் தொழிற்சாலைக்கு இடமாற்றம் தர நிர்வாகம் சம்மதிக்கிறது.' தேதி, எட்டு வருடத்துக்கு முந்தையது. கீழே அவர் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடிய சாய்ந்த கையெழுத்தில்: 'வேண்டாம். குடும்பக் காரணம்.'

அடுத்த பக்கம், நாலு வருடத்துக்கு முன்னால். பொது மேலாளரே பரிந்துரை செய்திருந்தார். 'வேண்டாம். குடும்பக் காரணம்.'

மூன்றாவது தாள் போன மாதத்தது. பதில் சொல்ல இந்த மாதக் கடைசிவரை தவணை. பதிலுக்கான கட்டம் காலி.

குடும்பம் என்று பார்த்தால் மொத்தம் அவர் ஒருவர்தான். பள்ளி விடுதி, கல்லூரி விடுதி என்று வளர்ந்த மகள் கல்யாணமாகி வேறு நாட்டில் இருக்கிறாள், அவளுக்குச் சொந்தமாக ஒரு குடும்பம் இருக்கிறது. அப்படியானால் அந்தக் காரணத்துக்குச் சட்டை அளவு நாற்பத்திரண்டு, முன்வழுக்கை, வலது கையில் பென்சில்.

"இந்த மேடமா?" என்று குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "தங்கமானவங்க சார். ரெண்டு தடவை வீடு தேடி வந்த டிரான்ஸ்பரை வேண்டாம்னுட்டாங்க. வீட்டுக்காரர் ஒரு மாதிரியோ என்னமோ."

"ஒரு மாதிரின்னா?"

"அதை யாரு போய்க் கேக்கறது? குடிப்பாரோ, அடிப்பாரோ."

"அப்படி ஒண்ணும் இருக்காது" என்றார் கேள்விக்காரர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியில பாத்தா எல்லாரும் உங்களை மாதிரி பசு மாதிரிதான் இருப்பானுங்க."

அந்த நேரம் பார்த்து, "ஜி.எம். போறாரு" என்று குமாஸ்தா கிசுகிசுக்க, பொது மேலாளர் வராந்தாவில் போனார். குள்ளமாக, காதோரம் நரைத்து, சாதுவாக இருந்தார். கேள்விக்காரர் எழுந்து நின்றார். பதினோரு வருட வசவுக்கு ஒரு தடவை எழுந்தால் போதாது என்று தோன்றியதால், உட்கார்ந்து மறுபடி எழுந்து நின்றார். பொது மேலாளர் மிரண்டுபோய் நடையை எட்டிப் போட்டார்.

அன்று சாயங்காலம் விடுதிக்குப் போனார். ஆண்களுக்கு அனுமதி முன்னறையோடு சரி. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கடிகாரம். அவள் அறை மாடியில், இடது பக்கம் மூன்றாவது. அதன் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. போனில் அந்த அறையின் மின்விசிறி கடகடப்பது மட்டும் பழக்கம்.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மணி ஏழு. போனில் என்றால் இந்நேரம் அவர் இரண்டாவது கதையில் இருந்திருப்பார். கேட்க வேண்டியது தொண்டைவரை வந்து, வாசலில் செருப்பு விடுகிற மாதிரி நின்றுகொண்டது. "கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது போல" என்றார். அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றாள். அரை மணியில் லாட்ஜுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் பதினொன்றரைக்கு எண்பத்து நாலாம் ஆளின் முறை. பரிசோதனைக் கூடத்தில் பலகை பலகையாக மீட்டர்கள் மாட்டியிருக்க, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டு விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் கையில் நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு சிமிட்டல்களை எண்ணி, சரியாகச் சிமிட்டியதற்குக் குறட்டால் ஈய முத்திரை அழுத்தினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் வேலை செய்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்து, "கேளுங்க சார்" என்றாள்.

"தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும்" என்று படித்தார்.

"யார்கிட்ட இருந்து?"

"எல்லார்கிட்ட இருந்தும்."

"வீட்டுக்காரர்கிட்ட இருந்தும்?"

அவர் இருமிவிட்டு முதல் கேள்விக்குப் போனார். சம்பளம், நாற்காலி, குடிநீர், மேலதிகாரியின் பாராட்டு. அவள் டக் டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழில் சிக்கியது.

"வேலைக்காகக் குடும்பத்தைப் பிரிந்திருப்பது என் மனதைப் பாதிக்கிறது. முழுக்க ஆமென்றால் ஐந்து, இல்லவே இல்லையென்றால் ஒன்று."

"அஞ்சு."

பென்சில் நின்றது. "அஞ்சா?"

"ஏன், ஆறு இருக்கா?"

"இல்ல... கோப்புல வேற மாதிரி இருக்கு."

அவள் கை மேசையிலிருந்த ஈய முத்திரையை உருட்டிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது. "பாத்துட்டீங்களா?"

"நேத்தே. முதல்நிலையும் இரண்டாம்நிலையும் ஒத்துவரலைன்னா ஆள்கிட்டத் திரும்பக் கேக்கணும். விதி." பென்சிலைக் கீழே வைத்தார். "நான் ஒரு மாதிரியாம். குடிக்கிறேனாம், அடிக்கிறேனாம். குமாஸ்தா சொல்றாரு."

"குடிச்சிருந்தாக்கூட ஏதாவது உளறியிருப்பீங்க" என்றாள் அவள். "நான் வீட்ல இருந்தது பதினாலு வருஷம். அந்தப் பதினாலு வருஷத்துல நீங்க எங்கிட்டப் பேசினதைச் சொல்லட்டுமா? 'சட்டை எங்க?' 'கரண்டு போயிடுச்சா?' 'நீ படுக்கலையா?' மூணு. நாலாவது ஒண்ணு இருந்தா நீங்க சொல்லுங்க."

நேர்காணல் எடுப்பவர் வாயடைத்துப் போகக் கூடாது. அவர் நிஜமாகவே தேடிப் பார்த்தார். "குழந்தைக்கு... ஜுரம் விட்டுச்சான்னு..."

"சரி, நாலு. இங்க வந்த முதல் வாரம் நீங்க போன் பண்ணீங்க. லாரி ஆபீஸ்ல ஒரு கிளீனர் உங்க கேள்விக்கெல்லாம் பாட்டாப் பாடியே பதில் சொன்னான்னு, நீங்களும் பாடிக் காட்டினீங்க. நான் சிரிச்ச சிரிப்புல வார்டனம்மா ஓடி வந்துட்டாங்க. யாருடா இந்த ஆளுன்னு எனக்குத் தோணிச்சு. இவ்வளவு நாளா எங்க இருந்தாருன்னு. அன்னிலேருந்து தினம் ஏழு மணிக்கு அவருக்காகத்தான் உக்காந்திருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்தா அவரு இல்ல. பேப்பருக்குப் பின்னாடி வேற ஒருத்தர் உக்காந்திருக்காரு." மூக்கை உறிஞ்சினாள். "நிரந்தரமா வந்துட்டா அவரும் போயிடுவாரே. அதான் வேண்டாம்னு எழுதினேன். குடும்பக் காரணம்தானே அது?"

கூடத்தில் நூற்றுக்கணக்கான சிவப்புப் பொட்டுகள் கண் சிமிட்டின. படிவத்தில் 'பிற காரணம் இருப்பின் எழுதவும்' என்ற இடத்துக்கு ஆராய்ச்சிக்காரப் பெண் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு கோடு. அவர் அதில் எதையும் எழுதவில்லை.

"இப்ப மூணாவது தாள்?"

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "விடுப்பு அழுகிக்கிட்டு இருக்கு. வர்ற வாரம் அஞ்சு நாள் போட்டுட்டு வீட்டுக்கு வர்றேன். பாக்கறேன். பதினெட்டாவது கேளுங்க, வெளியில ஆள் நிக்குது."

அந்த ஐந்து நாளுக்கு அவர் தயாரான விதத்தை எந்த ஆய்வேட்டிலும் சேர்க்கலாம். மிஞ்சிய படிவத்தின் முதுகில் பேசுவதற்கான பொருள்கள் முப்பது எழுதி வைத்தார். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்து நாலு தீர்ந்துவிட்டது. சாப்பிடும்போது தடுமாறி, "பயணம் எப்படி இருந்தது? ரொம்ப வசதியா, ஓரளவு வசதியா..." என்று ஆரம்பித்தார்.

"டிக் போடணுமா?" என்றாள். "கேக்காதீங்க. பேசுங்க."

கேட்காமல் எப்படிப் பேசுவது? சாயங்காலம் கை தானாகப் பேப்பரை எடுத்துக்கொண்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் துணி மடித்தாள். அந்தச் சும்மா இருத்தல் அவருக்குப் பதினாலு வருடமாகத் தெரிந்த சத்தம். கேட்டது இப்போதுதான்.

செவ்வாய் மாலை ஏழடித்தது. வாய் அரித்தது. பழக்க தோஷம். "தீப்பெட்டி வாங்கிட்டு வர்றேன்" என்று தெருமுனைக் கடைக்குப் போனவர், அங்கிருந்து போன் போட்டுவிட்டார். சமையலறையில் அவள் எடுத்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இந்தக் கடைக்காரர் இருக்காரே, எடை போடறப்ப மூச்சைப் பிடிச்சுக்கறாரு. இன்னிக்குத்தான் பாத்தேன். என்னமோ இவர் மூச்சு விட்டாத் தராசு சாஞ்சிடும்கிற மாதிரி..."

நாற்பது நிமிடம் ஓடியது. அவள் சிரிப்பது ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்டது. முடிவில், "கடைலேருந்து நம்ம வீடு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றாள்.

"நூறு அடி."

"நாளைக்கு வாசப்படில உக்காந்து பேசுங்க."

புதன்கிழமை வாசற்படி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வீட்டுக்குள்ள சேக்கலையா சார்?" என்று விசாரித்தார். வியாழன் கூடத்து நாற்காலி. அவள் அடுத்த அறையில். குரல் ஒரு காதில் போனிலும் ஒரு காதில் நேரிலுமாக விழுந்தது. ஊசிக் கம்பெனியில், ஊசி காணாமல் போனதற்குப் பதினாறு பேரிடம் விளக்கம் கேட்ட மேலாளர் கதையில் அவர் தன்னை மறந்திருந்தார். அவள் நடுவில் போனை அணைத்து வைத்தது தெரியாமல் பேசிக்கொண்டே எழுந்து, நடந்து, சமையலறைக்குள் வந்து, அணைந்த போனைக் காதில் வைத்தபடி அவள் எதிரே நின்று பதினாறாவது ஆளின் விளக்கத்தையும் சொல்லி முடித்தார். சிரிக்காமல் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வந்துட்டீங்களேன்னு."

வெள்ளிக்கிழமை அப்படி அமையவில்லை. இருவரும் ஏதோ பேசினார்கள், பாதி நேரம் சும்மா இருந்தார்கள். அவளும் தாளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அவருக்கு அன்று இரவெல்லாம் புரிந்தது. பக்கத்தில் அவள் மூச்சு. நாளைக்கு அந்தப் போர்வையை மறுபடி மடிக்க வேண்டும்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிப் பேருந்து. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றதில், வாயில் வந்து விழுந்தது ஒரு காவல்காரர்.

"பூட்டின ஃபேக்டரிக்கு ஒரு காவல்காரர். ஏழு வருஷமா உள்ள ஒரு ஆள் கிடையாது. நீங்க எதுக்குய்யா தினம் ஷேவ் பண்ணிக்கிட்டு வர்றீங்கன்னு கேட்டேன். சுத்தும் முத்தும் பாத்தாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்னாரு. சொல்லிட்டு..."

பேருந்து நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார், பிறகு ஓடினார். அவள் தலையை வெளியே நீட்டி, "ஓடாதீங்க! விழுந்து வைக்காதீங்க! மிச்சத்தை வச்சிருங்க!" என்று கத்தினாள்.

ஏழு மணிக்கு அவர் போனை எடுக்கவில்லை. மிச்சக் கதையை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாளே. ஐந்து நிமிடம் கழித்து அதுவே அடித்தது. அவள் கூப்பிடுவது அபூர்வம்.

"சேந்துட்டேன்" என்றாள்.

"சரி."

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

பின்னால் மின்விசிறி கடகடத்தது. "காவல்காரர் என்ன சொன்னாரு?"

"வந்து கேட்டுக்கோ."

"திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டாலும் விடுவிக்க ரெண்டு மாசம் ஆகும்ங்க. வேற ஆளுக்கு வேலை கத்துக் குடுக்கணும். அது வரைக்குமா?"

"அது வரைக்கும்தான்."

"ரெண்டு மாசம் உங்களால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

முடியாது என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் போனை வைக்கவில்லை. எட்டு மணிவரை இரண்டு பக்கமும் யாரும் எதுவும் பேசாமல் அந்த இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது.